ஈரம் படாத தளம்

சாக்கின் வாயை மகள் விரித்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா குந்தி உட்கார்ந்து கொத்துக்கரண்டியால் தரையைச் சுரண்டினார். சுரண்டியதைத் தகரத் தட்டில் வாரி உள்ளே கொட்டினார். ஒவ்வொரு தட்டு விழும்போதும் சாக்கு இருமுவதுபோல ஒரு வெள்ளைத் தூசி மேலே வந்தது. இருவர் முகத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கலைந்தது.

ஊரின் ஓரத்தில் நின்ற உயரமான தண்ணீர்த் தொட்டி அது. அப்பா அதன் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டியை நிரப்புவது, வால்வுகளைத் திருகித் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது எல்லாம் அவர் வேலை. தொட்டியின் உச்சியில், உள்ளே இறங்கும் மூடிக்கு மேலே, வெயில் மழை படாமல் ஒரு தகரக் கூரை போட்டிருந்தார்கள். கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டங்கள்தான் குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளுக்கு ராத்தங்கல். கறுப்புத் தலை, உடம்பெல்லாம் புள்ளி. மைனாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். வடக்கே பனி விழும் நாடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு நாள் காலையில் சட்டங்கள் காலியாகக் கிடக்கும்.

அப்பா அவற்றை விருந்தாளிகள் என்பார். "வரும்போதும் சொல்றதில்ல, போகும்போதும் சொல்றதில்ல. உங்க பெரியப்பா வீட்டு ஆளுங்க மாதிரி. அவங்க கிளம்பின பிறகும் நாமதானே சுத்தம் பண்ணினோம்?"

விருந்தாளிகள் போன பிறகு எச்சத்தைச் சுரண்டி எடுக்கும் வேலைக்கு மகள்தான் துணை. அம்மா ஒரே ஒரு தடவை மேலே வந்துவிட்டு, இது மனுஷன் ஏறுகிற இடமா என்று கேட்டு இறங்கியதோடு சரி. மகள் படிக்கப் போயிருந்த வருடங்களில் அவர் தனியாகவே செய்தார். இப்போது அவளுக்கு அவள் படித்த பக்கத்து ஊரிலேயே ஆஸ்பத்திரி லேபில் வேலை. விடுமுறை பார்த்து வந்திருந்தாள்.

அந்தத் தளத்துக்கு ஒரு விதி உண்டு. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடின. தார் ஊற்றி அடைப்பார்கள். வெயிலில் அது விட்டுக்கொள்ளும். ஊற்றிக் கழுவினால் கழுவிய நீர் நேராக ஊர் குடிக்கிற தண்ணீருக்குள் இறங்கும். அதனால் சுரண்டுவதும் பெருக்குவதும் காய்ந்தபடியேதான். காலில் ஈரம் இருந்தால்கூட ஏற விடமாட்டார். அவள் சின்னவளாக இருந்தபோது மழையில் நனைந்து வந்து ஏணியடியில் நின்றாள். தன் துண்டால் அவள் பாதங்களை, விரலிடுக்குகளைக்கூட விடாமல், துடைத்த பிறகுதான் முதல் படியில் கால் வைக்க விட்டார்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மாஸ்க் கொண்டு வந்திருந்தாள். அப்பா வாங்கி மாட்டிக்கொண்டார். பேசுவதற்காகத் தாடைக்கு இறக்கினார். பிறகு அது மேலே ஏறவே இல்லை.

"அப்பா, மேல ஏத்துங்க."

"ஏத்தினா எப்படிம்மா பேசறது? உனக்கு எதைப் பார்த்தாலும் கிருமி. உங்க அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் அழுக்கு. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

வேலை செய்யும்போது பேசாமல் இருக்க அவருக்குத் தெரியாது. பேசிக்கொண்டே இரண்டு சாக்குகளை நிரப்பினார். வாயைச் சுருட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கண்ணி விட்டு இழுத்தார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. கயிறு கட்டி ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்கள்.

அந்த எச்சம் ஊர் எல்லையில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஒரு பெண்மணிக்குப் போகும். நர்சரிக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பூச்செடிக்கு அதைவிட நல்ல உரம் இல்லை என்று அவர் சொல்வார். பதிலுக்கு ஏதாவது செடி கொடுப்பார். தொட்டியடியில் பூத்திருந்த அத்தனையும் அப்படி வந்தவை. அப்பாவின் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டைதான் நிற்கும். ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். மற்றதை மோட்டார் அறையில், கதவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்.

"நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திடறேன்," என்றார்.

*

அவருக்கு உயரம் என்றால் பயம். இது மகளுக்கு மட்டும் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் அவர் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். பட்டறை மூடியபோது மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், இந்த வேலைக்குச் சொல்லி வைத்தார். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றுதான் சொன்னாராம். சேர்ந்த அன்றுதான் அப்பா அண்ணாந்து பார்த்து ஏணியைக் கண்டார். மறுநாள் வராமல் இருந்துவிடலாமா என்று யோசித்ததாகப் பிற்பாடு சொல்வார். பெண் கொடுக்கப் போகிறவர்களிடம், ஏணியைப் பார்த்து ஓடிவந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் ஏறினார். சுவரைப் பார்த்தபடி ஏறுவார். கடைசிப் படிகளில் கண்ணை மூடிக்கொள்வார். கை தடவிக் கைப்பிடி தட்டுப்பட்டதும் திறப்பார். வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான். இறங்கி வந்ததும், மேலே காற்று அருமையாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்வார்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற ஆளின் வீட்டில் சமையலறைக் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அடியில் ஒரு பாத்திரம் வைத்து, "ஆபீசர் எப்ப நேரம் ஒதுக்குவாரோ," என்பாள். அவர் வாஷர் வாங்க வேண்டும் என்பார். வாங்கவும் செய்வார். அது சட்டைப்பையில் கிடந்து துணியோடு துவைபடும்.

காலையில் வால்வைத் திறக்கும் முன் அவர் ஒரு காரியம் செய்வார். தொட்டியின் அடிக்குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, தான் குடிப்பார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். பிறகுதான் வால்வுச் சக்கரத்தில் கை வைப்பார். குளோரின் பார்ப்பதற்கு ஆபீஸில் கருவி கொடுத்திருந்தார்கள். அதையும் பார்ப்பார். ஆனால் டம்ளர் நிற்கவில்லை.

லேப் படிப்பு முடித்து வந்த புதிதில் மகள் சிரித்தாள். "தண்ணியில ஏதாவது இருந்தா அவ்வளவு சீக்கிரம் தெரியுமாப்பா? ஒரு வாரம் கழிச்சுத்தான் படுப்பீங்க."

"தெரியாட்டி என்ன? ஊரு குடிக்கறதுக்கு முன்னாடி நான் குடிச்சிருப்பேன்ல."

அவள் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

பழைய வால்வுகள் இறுகிப்போனவை. திருகித் திருகி அவருடைய மணிக்கட்டும் முழங்காலும் வீங்கின. அதற்கு மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். போட்டுக்கொண்ட அன்றே வலி பறந்துவிட்டது. அப்புறம் அவர் அதை விடவில்லை. சோப்பு, தீப்பெட்டியோடு அதையும் வாங்கி வருவார். வால்வுக்குக் கிரீஸ் போடுகிற மாதிரி மூட்டுக்கு இது என்பார். ஏதோ வலி மாத்திரை என்று மகளும் நினைத்திருந்தாள். உறையை வாங்கிப் படித்தது இல்லை.

*

சுரண்டி முடித்து விருந்தாளிகளின் வாடையே போன பிறகு, அவருக்கு ஒரு சின்ன இருமல் வந்தது. தூசி என்றார். கோடை நடுவில் தலைவலி தொடங்கியது. வெயில் என்றார். எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றபோது அம்மா கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். புதுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு, "இப்ப எல்லாமே தெளிவா ரெண்டு ரெண்டா தெரியுது," என்றார். அம்மா சிரித்தாள். மகளும் சிரித்தாள்.

ஒரு நாள் காலையில் அவர் வால்வை மாற்றித் திருப்பிவிட்டார். பாதி ஊருக்குத் தண்ணீர் வரவில்லை. மீதிப் பாதியில் தெரு நிறைந்து ஓடியது. மோட்டார் அறை வாசலில் காலிக் குடங்களோடு ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. அவரை அவர்களுக்குத் தெரியும். வயசாகிவிட்டது, பாவம், என்று பேசிக்கொண்டார்கள். அவர் முக்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கை தப்புச் செய்தது என்று தேடுவதுபோல.

அன்று சாயங்காலமே வாந்தி. காய்ச்சல். கழுத்தை மடக்க முடியவில்லை. மகள் தன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தது. வார்டு டாக்டரம்மா நிதானமானவர், அதிகம் பேசாதவர். வேறு நோய் உண்டா, மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, ஒரு மாத்திரையும் தொட்டதில்லை என்று அப்பா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். இருவரும் பொய் சொல்லவில்லை. மாத்திரை என்பது நோய்க்குப் போடுவது. அவர் போட்டது வேலைக்கு.

காசநோய் மூளை உறைக்குப் போயிருக்கலாம் என்று டாக்டரம்மா நினைத்தார். அந்த நிழலைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார். அப்பா மறுத்துவிட்டார். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருந்தார். கால் விழுந்தால் ஏணி ஏற முடியாது. மகள் எடுத்துச் சொன்னாள். அம்மா அழுதாள். அவர் அசையவில்லை. சரி, காசநோய் மருந்தைத் தொடங்கிப் பார்ப்போம் என்றார்கள். மகள் அவருடைய சளியைத் தானே சாயம் போட்டுப் பார்த்தாள். காசநோய்க் கிருமி இல்லை. இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மறுபடி பார்த்தாள். இல்லை. தலைவலி ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் ஒரு மத்தியானம் அம்மா பிளாஸ்கோடு வந்தாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"உங்கப்பா முட்டி வலிக்குதுன்னு முனகறாரு. இங்க வந்ததுலேர்ந்து இதைப் போடலை. இந்த ஊசி மருந்தோட இதையும் சேர்த்துக் கொடுக்கலாமான்னு அந்த டாக்டரம்மாகிட்ட கேளு."

மகள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். ஸ்டீராய்டு.

"இதை எத்தனை நாளா போடறாரு?"

"நாளா? நம்ம வீட்டுக்கு வெள்ளையடிச்சோமே, நீ பள்ளிக்கூடம் முடிச்ச வருஷம். அதுக்கு முன்னாலேர்ந்து." அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி? நல்ல மாத்திரைதானே? வலி உடனே கேக்குதே."

டாக்டரம்மா அட்டையின் இரண்டு பக்கத்தையும் படித்தார். வருடக்கணக்காக அந்த மாத்திரை உடம்பின் காவலைத் தூங்க வைத்திருக்கிறது என்றார். உடனே நிறுத்தினாலும் ஆபத்து, தொடர்ந்தாலும் ஆபத்து. பிறகு அப்பாவின் கட்டிலுக்குப் போய், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று முதல் தடவையாக விவரமாகக் கேட்டார். அப்பா தொட்டியைப் பற்றிச் சொன்னார். விருந்தாளிகளைப் பற்றிச் சொன்னார். ஈரம் படாமல் சுரண்டுவதைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். அந்த வேலையை இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. கேட்டு முடித்த டாக்டரம்மா, முதுகு ஊசியைத் தள்ளிப்போட முடியாது என்றார்.

இந்தத் தடவை அப்பா சம்மதித்தார். மகள் சொன்னதற்காக அல்ல. தொட்டியைப் பற்றிப் பொறுமையாகக் கேட்ட ஆளிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

*

சின்னக் கண்ணாடிக் குழாயில் தெளிந்த நீர் லேபுக்கு வந்தது. வேறு யாராவது பார்க்கட்டும் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவள் குழாயைக் கொடுக்கவில்லை.

ஒரு சொட்டு நீர். பக்கத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு மை. கலந்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து மைக்ரோஸ்கோப்பில் நகர்த்தினாள். மை எங்கும் பரவிக் கறுத்திருந்தது. அதற்குள் வெளிச்ச வளையங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் ஓர் உருண்டை. சில உருண்டைகளின் தோளில் ஒரு சின்ன மொட்டு. பூஞ்சை. தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான உறையைப் போர்த்திக்கொண்டு இருப்பது. மை அந்த உறைக்குள் நுழையாது, அதனால்தான் வளையம். பார்க்க அழகாக இருக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட இப்படி ஒரு ஸ்லைடு கிடைக்காதா என்று காத்திருப்பார்கள்.

ஸ்லைடின் எந்த மூலைக்கு நகர்த்தினாலும் வளையங்கள் இருந்தன.

அறிக்கையில் கிரிப்டோகாக்கஸ் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கையை வழக்கத்தைவிட நீண்ட நேரம் கழுவினாள்.

பறவை எச்சத்தில் இது வளரும் என்று அவள் படித்திருந்தாள். பரீட்சைக்குப் படித்தது. புறா என்றுதான் புத்தகத்தில் இருந்தது. தொட்டியில் புறா கிடையாது. வலசைப் பறவைகளும் இதைக் காலிலும் இறகிலும் குடலிலும் சுமந்து ஒரு நாட்டு மண்ணிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று லேப் தலைமையாளர் விளக்கினார். சுமக்கிற பறவைக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. அதன் உடம்புச் சூடு பூஞ்சைக்கு ஒத்துக்கொள்ளாது. எச்சம் நிழலில் காய்ந்தால் பூஞ்சை அதில் நெடுநாள் கிடக்கும். காய்ந்ததைக் கிளறினால் தூசியோடு மூச்சில் ஏறும். உடம்பு திடமாக இருக்கிறவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. அவளும் அதே தூசியைச் சுவாசித்தவள்தான்.

மருந்து தொடங்கினார்கள். மஞ்சள் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கத் தொடங்கியதும் அப்பாவுக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம் வரும். அம்மா போர்வைமேல் போர்வையாகப் போர்த்தி, அதன்மேல் தானும் கையை விரித்துப் படுத்துக்கொள்வாள். மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போதெல்லாம் முதுகில் ஊசி போட்டு நீரை வடித்தார்கள். வடித்த பிறகு கொஞ்ச நேரம் அவர் பழைய ஆளாக இருப்பார். "தொட்டி நிரம்பி வழியுது, வால்வைத் திறங்கன்னு நானே சொல்லணும்போல," என்றார் டாக்டரம்மாவிடம். டாக்டரம்மா சிரித்ததை வார்டு அன்றுதான் பார்த்தது.

அப்படி ஒரு தெளிந்த மத்தியானத்தில் மகள் சொன்னாள். எதனால் வந்தது என்று அவர் கேட்டிருந்தார். விருந்தாளிகளின் எச்சத்திலிருந்து வந்தது என்றாள்.

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முகம் மாறியிருந்தது. நோயென்று சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை.

"தண்ணியில போயிடுச்சா?"

"இல்லப்பா."

"நல்லா பார்த்துச் சொல்லு. விரிசல் இருக்கே. நான் ஒரு சொட்டும் ஊத்தினதில்ல. ஆனா தூசி இறங்கியிருக்குமோ? ஊரே குடிக்குது பாப்பா."

"குடிச்சா வர்ற நோய் இல்ல இது. மூச்சுல போனாத்தான். குளோரின் வேற போடறீங்க. தண்ணிக்கு ஒண்ணும் ஆகலை."

அவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மகள்களைப் பார்த்திருப்பார், பார்வை அப்படித்தான் இருந்தது. பிறகு தலையணையில் சாய்ந்தார்.

"அப்ப சரி," என்றார்.

அவ்வளவுதான். மேற்கொண்டு தன் நோயைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பறவைகளுக்கு ஒன்றும் ஆகாதா என்றார். ஆகாது என்றாள்.

"பொழைச்சுப் போகட்டும். கால்ல என்ன ஒட்டியிருக்குன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்? அடிச்சுத் துரத்திடாதீங்க. கூரைக்கு அடியில வலை அடிச்சாப் போதும், மரத்துல போய் உட்கார்ந்துக்கும்." கண் செருகியது. மறுபடி திறந்தார். "நர்சரிக்காரம்மாவுக்கு ஒரு மூட்டை பாக்கி. கதவுக்குப் பின்னால நிக்குது. கொடுத்திடறேன்னு சொன்னேன். மறுநாளு சைக்கிள் பஞ்சர். அப்புறம் இந்த இருமல்."

"நீங்க வந்து கொடுங்க."

"ஆமா. நானே கொடுக்கறேன்."

அந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். பார்த்தது. நிறுத்தி, குறைத்து, மறுபடி கொடுத்தார்கள். மகள் தினமும் அவர் முதுகிலிருந்து வடித்த நீரை மையில் பார்த்தாள். வளையங்கள் குறைந்தன. நிஜமாகவே குறைந்தன. ஒரு நாள் அம்மாவிடம் அதைச் சொல்லவும் செய்தாள். அம்மா அன்றிரவு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள்.

வளையங்கள் குறைந்துகொண்டிருக்கும்போதே அவர் பேச்சை நிறுத்தினார். வேலை செய்யும்போது பேசாமல் இருக்கத் தெரியாதவர், மூச்சுவிடும் வேலையை மட்டும் பேசாமல் செய்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். அம்மா அவருடைய புதுக் கண்ணாடியை மடித்து மகளிடம் கொடுத்தாள். மகளுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. லேப் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

*

புது ஆபரேட்டர் ஆள் அனுப்பினார். மோட்டார் அறையில் அப்பாவுடைய சாமான்கள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

முக்காலி. டம்ளர். ஒரு பழைய சட்டை; பையில் இரண்டு வாஷர். கதவுக்குப் பின்னால் சாக்கு. இரண்டு சுற்று, ஒரு கண்ணி. முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அவள் இழுக்கவில்லை.

அன்று கையுறையும் நல்ல மாஸ்க்கும் போட்டு, நனைத்த பஞ்சுக் குச்சியைச் சாக்கின் நெசவுக்குள் நுழைத்து ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு போனாள். இந்தப் பூஞ்சையைப் பிரித்துப் பார்ப்பதற்கென்று லேபில் ஒரு தட்டு தயாரிப்பார்கள். கூண்டுப் பறவைகளுக்குத் தீனியாகப் போடும் விதையை அரைத்துச் செய்வது. வேறு பூஞ்சைகள் அதில் வெளுப்பாக வளரும். இது மட்டும் பழுப்பாகும். தட்டைச் சூட்டுப்பெட்டியில் வைத்துக் காத்திருந்தாள். அப்பா இல்லாத வீட்டுக்குப் போய்வந்தபடி காத்திருந்தாள். அம்மா குழாயடிப் பாத்திரத்தை எடுக்கவே இல்லை; நிறைந்து வழிந்தால் மட்டும் கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள்.

தட்டு பழுப்பானது.

அப்பாவின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். விரிசலை ஒழுங்காக அடைத்து, கூரைக்கு அடியில் வலை அடிக்கிறோம் என்றார்கள். விருந்தாளிகள் வருவதற்குள் அடிப்பார்களா என்று தெரியவில்லை.

சாக்குக்காக மறுபடி தொட்டிக்குப் போனாள். புது ஆபரேட்டரை வெளியே நிற்கச் சொன்னாள். மேல்தளத்துக்குத்தான் விதி. கீழே இல்லை. கிருமிநாசினி கரைத்த வாளியைச் சாக்கின் மேல் சாய்த்தாள். சாக்கு கறுத்து, கனத்து, ஒரு பக்கமாக அமர்ந்தது. தூசி எழவில்லை. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பைகளில், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி எரிக்க அனுப்பினாள். முடிச்சு முடிச்சாகவே போயிற்று.

பிறகு நாற்றுப் பண்ணைக்குப் போனாள்.

நர்சரிக்காரம்மா நாற்றுப் பைகளுக்கு நடுவில் சின்ன மண்வெட்டியோடு இருந்தார். இவளைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சேதி தெரியும், வர முடியவில்லை, மன்னித்துக்கொள் என்றார். அண்ணன் எத்தனை செடி வளர்த்தார் என்றார். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். எச்சம், தூசி, பூஞ்சை. சுருக்கமாக, வார்டில் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எனக்கு?"

"இருமல், தலைவலி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. வந்த உடனே மூட்டையோட குழியில போட்டுத் தண்ணி விட்டு ஊற வெச்சிருவேன். காஞ்சதைத் தொட்டா கண்ணு எரியும். சேறு மாதிரி ஆன பிறகுதான் கையே வெப்பேன்."

மகள் தலையசைத்தாள். எதற்கும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வருகிறேன் என்றார். இனி அந்த உரம் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று அவரும் சொன்னார். ஒரு குழாய் எங்கோ திறந்திருந்தது. நாற்றுகளின் மேல் அப்பாவின் தொட்டித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வெளியே வரும் வழியில், வேலியோரம் இரண்டு குழிகள் இருந்தன. ஒன்று நிரம்பி, மண் மூடி, மேலே ஏதோ துளிர்த்திருந்தது. இன்னொன்று திறந்து கிடந்தது. உள்ளே சருகு விழுந்திருந்தது. விளிம்பில் ஒரு வாளி, நிறையத் தண்ணீரோடு.

மகள் அதைப் பார்ப்பதை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"அண்ணன் நாளைக்கே கொண்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் மூடலை," என்றார்.